பெட்டியடிப் பையனும் பங்குச் சந்தை விளையாட்டும்

போன மாசம் அக்கா வீட்டுக்குத் திருமயம் போயிருந்தேன். அக்கா மகன் திண்ணையில உட்கார்ந்து செல்போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இமைக்காம பார்த்துக்கிட்டு இருந்தான். திரையில பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. "என்னடா, கேமா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, நிஃப்டி ஆப்ஷன்"னான். நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலாயிரம் ரூபாய் போயிடுச்சு. முகத்துல ஒரு சலனமும் இல்ல. "விடுங்க மாமா, அடுத்த ரவுண்டுல எடுத்துடலாம்"னு சொல்லிட்டு மறுபடி குனிஞ்சுட்டான்.

நாலாயிரம் போனதை விட அந்த 'ரவுண்டு'ங்கிற வார்த்தைதான் எனக்கு உறுத்துச்சு. ஏன்னா இதே விஷயத்தை நிஜமாவே ரவுண்டு ரவுண்டா விளையாடுற ஒரு பொட்டி என்கிட்ட இருக்கு. சிங்கப்பூர்ல வேலை பார்த்த நண்பன் ஊருக்கு வந்தப்போ கொடுத்த பழைய நின்டெண்டோ டிஎஸ். கூடவே ஒரு ஜப்பானிய கேம். அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை புண்ணியத்துல இன்னைக்கு எழுதிடுறேன். கொஞ்சம் சுத்தி வளைச்சு ரங்கூன் வரைக்கும் போய்த்தான் வருவேன், பொறுத்துக்குங்க :-)

கேமோட பேரு 'கபு டிரேடர் ஷுன்'. 'கபு'ன்னா ஜப்பானிய மொழியில பங்கு. கேப்காம் கம்பெனி 2007ல வெளியிட்டது. இதே கம்பெனி 2001ல ஒரு வக்கீல் கேம் கொண்டு வந்துச்சு. ஆங்கிலத்துல 'ஏஸ் அட்டர்னி'ன்னு உலகம் பூரா ஓடினது. ஆளாளுக்குப் பேசுவாங்க, நாம விசாரிப்போம், கடைசியில கோர்ட்டுல விரலை நீட்டிக் கத்துவோம். அந்தக் கோர்ட்டைத் தூக்கிட்டு அங்க பங்குச் சந்தையைக் கொண்டு வந்து வெச்சா அதுதான் ஷுன். கதை பேசிக்கிட்டே நகரும். இடையிடையே எதிராளியோட பங்கு வாங்கி விக்கிற மோதல். டிஎஸ்ல ரெண்டு திரை, கீழ்த்திரையைக் குச்சியால தொட்டு விளையாடலாம். ஜப்பானைத் தாண்டி அதிகாரபூர்வமா அது வெளிவரவே இல்ல. எனக்கு ஜப்பானிய எழுத்து சுத்தமா தெரியாது. ஆனா ஏறுற கோடும் இறங்குற கோடும் எந்த மொழியிலயும் ஒண்ணுதானே. முதல் மோதலை மூணு தடவை தோத்தேன். நாலாவது தடவை ஜெயிச்சேன். தோத்த மூணு தடவையும் பொத்தானை அமுக்கி மறுபடி ஆரம்பிச்சேன், அவ்வளவுதான்.

ஒரு வீடியோ கேமுக்குப் பங்குச் சந்தை ஏன் கதைக்களம் ஆச்சு? அப்போ ஜப்பான்ல நடந்ததைப் பார்த்தா புரியும். 2005 டிசம்பர் 8ஆம் தேதி ஜே-காம்னு ஒரு கம்பெனிப் பங்கு முதல் நாள் வியாபாரத்துக்கு வருது. மிசுஹோ செக்யூரிட்டீஸ்ல ஒருத்தர் '1 பங்கு, 6,10,000 யென்'னு அடிக்க வேண்டியதை '6,10,000 பங்கு, 1 யென்'னு மாத்தி அடிச்சுட்டார். நிறுத்தவும் முடியல. மிசுஹோவுக்குச் சுமார் 4,000 கோடி யென் நஷ்டம். அதே நேரம் வீட்டுல உட்கார்ந்து கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணின 27 வயசுப் பையன் ஒருத்தர், சில நிமிஷத்துல சுமார் 200 கோடி யென் லாபம் பார்த்துட்டார். ஊரே அவரைப் பத்திப் பேசுச்சு. அடுத்த மாசமே, 2006 ஜனவரியில, லைவ்டோர் கம்பெனியில ரெய்டு. ஆளாளுக்கு விக்க ஓடி, 18ஆம் தேதி தாங்க முடியாம டோக்கியோ சந்தையை 20 நிமிஷம் முன்னாடியே மூட வேண்டியதாப் போச்சு. இந்த ரெண்டு கதையும் சூடா இருந்த நேரத்துல கேம் வருது. கையில டிஎஸ் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தானும் அந்தப் பையன்தான்னு ஒரு நினைப்பு வரும்ல? அதை வெச்சுத்தான் வியாபாரம்.

ஆனா இது 2007ல புதுசா முளைச்ச யோசனை இல்ல. 1988லயே நின்டெண்டோவும் நொமுரா செக்யூரிட்டீஸும் சேர்ந்து, டிவியோட இணைக்கிற ஃபேமிகாம் பெட்டிக்கு ஒரு மோடம் போட்டு, அதுல நிஜப் பங்கையே வாங்கி விக்க வழி பண்ணினாங்க. மரியோ குதிக்கிற அதே பெட்டியில அப்பா பங்கு விக்கலாம். அது பெருசா எடுபடல, பிற்பாடு குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டத்தான் ஜனங்க அதிகம் பயன்படுத்தினாங்க. (சிரிக்காதீங்க. எந்த ஊரா இருந்தா என்ன!) அதே 1988ல பங்கு வியாபாரம் சொல்லித் தர்ற கேம்களும் வந்துச்சு. அதுல ஒரு வரிசை 1990ல அமெரிக்காவுக்கு 'வால் ஸ்ட்ரீட் கிட்'ங்கிற பேர்ல போச்சு. பெரிய சொத்து ஒண்ணு உனக்கு வரப்போகுது, அதுக்கு முன்னாடி இந்த 5 லட்சம் டாலரைப் பெருக்கிக் காட்டுன்னு ஆரம்பிக்கும். எடுத்த எடுப்புல கையில காசு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

1989 டிசம்பர் 29ஆம் தேதி நிக்கேய் குறியீடு 38,915 புள்ளியைத் தொட்டு நின்னுச்சு. அப்புறம் விழுந்தது விழுந்ததுதான். அந்த உயரத்தை மறுபடி தாண்டினது 2024 பிப்ரவரியில. 34 வருஷம். எந்த கேம்லயும் 34 வருஷம் காத்திருக்கிற லெவல் கிடையாது.

இன்னும் பின்னாடி போனா அரிசியில போய் முட்டும். ஜப்பான்ல சாமுராய்களுக்குச் சம்பளமே அரிசிதான். ஒசாகாவுல டோஜிமாங்கிற இடத்துல அந்த அரிசிக்கான சீட்டுகளை வாங்கி வித்தாங்க. இன்னும் வராத அரிசிக்கு இன்னைக்கே விலை பேசினாங்க. 1730ல ஷோகன் அரசாங்கமே அதுக்கு அனுமதி கொடுத்துச்சு. இன்னைக்கு என் மாப்பிள்ளை போன்ல பார்க்கிற அந்தப் பச்சை சிவப்பு மெழுகுவத்தி வரைபடத்தைக்கூட சகாட்டா ஊர் அரிசி வியாபாரி ஹொம்மாங்கிறவர் தொடங்கி வெச்சதாத்தான் சொல்லுவாங்க.

அரிசின்னு வந்ததும் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. எங்க தாத்தா ரங்கூன்ல சமையக்கட்டு எடுபிடி.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். செட்டிநாடுன்னா எல்லாரும் காரைக்குடியத்தான் சொல்லுவாங்க. ஆனா நகரத்தார் ஊர்கள்ல ஒரு நல்ல பங்கு அந்தக் காலத்துப் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள்ள இருந்துச்சு. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராமச்சந்திரபுரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை... இன்னைக்கும் அந்தத் தெருக்கள்ல நடந்தா ரெண்டு தெருவை அடைச்ச மாதிரி வீடு, பர்மா தேக்குல தூண், கதவுல பூட்டு. அந்தத் தேக்கு வந்த வழியிலதான் பணமும் வந்துச்சு. நம்ம தாத்தாக்கள்ல சில பேர் அவங்களுக்குச் சமைக்கவும் சாமான் தூக்கவும் கூடவே போனாங்க. எங்க தாத்தா 1936ல போனப்போ அவருக்குப் பதினாலு வயசு.

ரங்கூன் மொகல் தெருவுல கிட்டங்கி. நீளமான கூடம், அதுல வரிசையா ஆளுக்கொரு பெட்டி. அந்தப் பெட்டிதான் கடை. பெட்டிக்கு மேல ஏடு, உள்ள காசு, பக்கத்துல பாய். ராத்திரி அங்கேயே படுக்கை. ஒரே கூரைக்குக் கீழ இப்படிப் பல கடை. அங்க தாத்தா வயசுலயே நகரத்தார் வீட்டுப் பையன்கள் இருந்தாங்க. அவங்களுக்குப் பேரு பெட்டியடிப் பையன். பெட்டிக்கு அடியில உட்கார்ற பையன்.

அவனுக்கு யாரும் 5 லட்சம் டாலர் கொடுக்கல. முதல் வேலை கூட்டுறது, தண்ணி எடுத்து வைக்கிறது, ஓடிப்போய் சீட்டு கொடுத்துட்டு வர்றது. கையில காசு தொடவே விடமாட்டாங்க. காதால கேக்கணும். ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடியே எண்சுவடி மனப்பாடம் ஆகியிருக்கும். முந்திரி, அரைக்காணி, காணி, மா, மாகாணி... முந்திரின்னா 320ல ஒரு பங்கு. இந்தப் பின்னத்தை எல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவானாம். யாராச்சும் ஒரு தொகையும் வட்டியும் நாளும் சொன்னா, தாத்தா கத்திரிக்காயை நாலா வகுந்து போடுறதுக்குள்ள பதில் வருமாம். சாயங்காலம் அன்றாடக் கணக்கு முடிக்கணும். காலணா உதைச்சாலும் சாப்பாடு தள்ளிப் போகும். "அவன் கணக்கு ஒத்துக்கிட்டாத்தான் நான் அடுப்பை அணைக்க முடியும். அதனால அவன் கணக்குக்கு நானும் சாமி கும்பிடுவேன்"னு தாத்தா சிரிப்பார்.

அதைத் தாண்டினா அடுத்தாள். அப்புறம் மேலாள், ஏஜெண்டு. ஏஜெண்டுக்கு மூணு வருஷக் கணக்கு. முதலாளி ஊர்ல இருப்பார், இவர் கடல் தாண்டி அவர் பணத்தை வெச்சு வியாபாரம் பண்ணுவார். கணக்கு நகல் தவறாம ஊருக்கு வந்துடணும். மூணு வருஷம் முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சுட்டு ஊர் திரும்பணும், பெண்டாட்டி பிள்ளையப் பார்க்கணும், பிறகு இஷ்டம் இருந்தா மறுபடி. பெட்டியடியில ஆரம்பிச்சவன்ல கெட்டிக்காரன் ஒரு நாள் சொந்தமா விலாசம் போட்டுத் தனிக்கடை வெப்பான். இது லெவல் லெவலா ஏறுற அட்வென்ச்சர் கேம் இல்லாம வேற என்னங்க? ஒரே வித்தியாசம், லெவலுக்கு லெவல் வருஷக்கணக்குல ஆகும், ரீஸ்டார்ட் பொத்தான் கிடையாது.

வட்டி விகிதத்தைக்கூடத் தனித்தனியா முடிவு பண்ண மாட்டாங்க. மாசம் ஒரு நாள் ரங்கூன் செட்டியார் கோயில்ல கூடிப் பேசி, அவங்களுக்குள்ள கொடுத்து வாங்குறதுக்கு நடப்பு வட்டின்னு ஒண்ணு வெப்பாங்க. முருகன் முன்னாடி பேசி வெச்ச வட்டி. அந்தக் கூட்டத்துல கையெழுத்தை விடப் பேருக்குத்தான் மதிப்பு.

இந்தப் பணம் எங்க போச்சு? நெல்லுக்கு. 1852ல கீழ்ப் பர்மாவை பிரிட்டிஷ்காரன் பிடிச்சப்போ அங்க நெல் விளைஞ்சது பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930 வாக்குல 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியாச்சு. காட்டை வெட்டி வயலாக்குற விவசாயிக்குக் கடன் வேணும். வெள்ளைக்காரன் பேங்கு சேத்துல கால் வைக்காது. செட்டியார் வெச்சார். 1929-30ல பர்மா அரசு நியமிச்ச வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி அங்க 1,650 செட்டியார் கடைகள், அதுல புழங்கின பணம் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

அப்புறம் 1930. உலகம் முழுக்க விலை சரிஞ்சப்போ நெல் விலையும் ஒரே வருஷத்துல பாதிக்குப் பக்கமா விழுந்துச்சு. கடன் வாங்கின பர்மாக்காரனால கட்ட முடியல. அடமானம் வெச்ச நிலம் கைமாறுச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம். 1938ல 25 சதவீதம்.

இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னேன். ஷுன் கேம்ல இப்படி ஆனா திரையில பட்டாசு வெடிக்கும். எட்டு வருஷத்துல ஸ்கோர் நாலு மடங்கு! ஆனா அவங்களுக்கு நிலம் வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது சுத்துற பணம். ஊர்ல நம்பிப் போட்டவன் கேட்டா எடுத்துக் கொடுக்கிற பணம். அது அப்படியே சேறா உறைஞ்சு போச்சு. விக்கலாம்னா வாங்க ஆள் இல்ல, ஏன்னா அத்தனை கடையும் ஒரே பக்கம் பந்தயம் கட்டியிருக்கு. கேம்ல எதிரே ஒரு ஆள் இருப்பான், அவன் தப்பு பண்ணினா நமக்கு லாபம். இங்க எதிராளி யாருமே இல்ல. எல்லாரும் ஒரே கோயில்ல கும்பிட்டு, ஒரே வட்டி பேசி, ஒரே நெல்லை நம்பி உட்கார்ந்திருந்தாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா ஊர்ப் பாசத்துல எழுதினதாயிடும். நிலத்தை இழந்த பர்மா விவசாயி பக்கத்துல நின்னு பார்த்தா இந்தக் கதையில பெட்டியடிப் பையன் கதாநாயகன் கிடையாது. காட்டை வெட்டினது அவன், இப்போ சொந்த வயல்ல குத்தகைக்காரனும் அவன்தான். அந்தக் கோபம் நியாயமில்லேன்னு என்னால சொல்ல முடியல. தாத்தாகூட இதைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்திடுவார்.

1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பிச்சுது. 1942 மார்ச்ல ஊரே அவன் கையில. லட்சக்கணக்கான ஜனங்க காடு, மலைன்னு நடந்து இந்தியா வந்தாங்க, வழியிலேயே செத்தவங்க ஏராளம். தாத்தாவும் நடந்துதான் வந்தார். அவர் அந்த நடையைப் பத்திச் சொன்னதை இன்னொரு நாள் எழுதுறேன், இதுல சேர்த்து எழுத மனசு வரல. 1948ல பர்மா சுதந்திரம் வாங்கின வருஷமே நிலத்தை எல்லாம் அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டுட்டாங்க. அந்த 25 சதவீதமும் காத்துல போச்சு.

தாத்தாவோட ஆறு வருஷச் சம்பளம் அந்தக் கடையிலதான் இருந்துச்சு. கையில வெச்சிருந்தா தொலைச்சுடுவேன்னு ஏட்டுல வரவு வெக்கச் சொல்லியிருந்தார். எவ்வளவுன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. திரும்பி வந்து ஆறு மாசம் கழிச்சு, எலும்பும் தோலுமா முதலாளி வீட்டு வாசல்ல போய் நின்னாராம். கேக்கப் போகலையாம், உயிரோட வந்துட்டேன்னு சொல்லப் போனாராம். அந்த வீட்டு நிலைமையும் அப்போ பெருசா ஒண்ணும் இல்ல. ஆச்சி நகையைக் கழட்டிக் கழட்டிச் சாப்பாடு ஓடுது. முதலாளி உள்ள போய் ரங்கூன்லேர்ந்து வந்த கணக்கு நகலைத் தேடி எடுத்துட்டு வந்து, விரலை வெச்சுத் தடவிப் பார்த்துட்டு, "பேரு இருக்கப்பா"ன்னு மட்டும் சொன்னாராம்.

மொத்தமும் வரல. ஆனா தீபாவளிக்குத் தீபாவளி கொஞ்சம் வந்துச்சு. சில வருஷம் பணம், சில வருஷம் நெல்லு, ஒரு வருஷம் வேட்டி மட்டும். அந்தப் பெரியவர் காலமானதும் அதுவும் நின்னுடுச்சு. அவங்க பேரன் பேத்திகளுக்கு இப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியாது, தெரிஞ்சிருக்கவும் வேண்டியதில்ல. தாத்தா சாகுற வரைக்கும் அந்த வீட்டைக் கடக்கும்போது செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவார். சின்ன வயசுல எனக்கு அது அடிமைத்தனமாத் தெரியும், கோபம் வரும். இப்போ அப்படி உறுதியாச் சொல்ல முடியல.

சரி, திண்ணைக்கு வருவோம். 2024 மே மாசம் செபி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. சந்தையோட நேரடி விலையை வெச்சு ஃபேன்டசி கேம், பொம்மை வியாபாரம்னு நடத்துற செயலிகளுக்கு அந்த விலை விவரத்தைக் கொடுக்கக் கூடாது. பாடம் நடத்தணும்னா ஒரு நாள் பழைய விலையைக் காட்டுங்கன்னு. காரணம் எனக்குப் புரியுது, கேம்ங்கிற பேர்ல சூதாட்டம் நடந்துடக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல அதே செபி இன்னொரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2021-22லேர்ந்து 2023-24 வரை மூணு நிதியாண்டுல ஃப்யூச்சர் அண்ட் ஆப்ஷன்ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. ஆகமொத்தம் பொம்மைக் காசு வெச்சு நேரடி விலையில விளையாடினாத்தான் தப்பு. நிஜக் காசு வெச்சு விளையாடலாம் :-(

இதை எல்லாம் மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். 93 சதவீதத்தையும் சொன்னேன். "நான் மிச்ச ஏழுல வருவேன் மாமா"ன்னான். டிஎஸ்ஸை அவன்கிட்ட கொடுத்து, இதுல விளையாடுடா, காசு போகாதுன்னேன். ரெண்டு நாள் வெச்சிருந்தான். மூணாவது நாள் திருப்பிக் கொடுத்துட்டான், "தோத்தா ஒண்ணும் ஆகல மாமா, போரடிக்குது"ன்னு. அவன் சொன்னதுக்கு என்கிட்ட இதுவரைக்கும் பதில் இல்ல.

தாத்தா கதையை மட்டும் கவனமாக் கேட்டான். கேட்டு முடிச்சுட்டு, "அந்த ஏட்டுல தாத்தா பேர்ல எவ்வளவு இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதா மாமா?"ன்னான். எனக்குத் தெரியல. நம்ம பக்கத்துல யார் வீட்டுப் பரண்லயாச்சும் ரங்கூன் பேரேடு, ஐந்தொகை, கிட்டங்கிச் சீட்டுன்னு கிடந்தா, பழைய பேப்பர்காரன்கிட்ட போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே. செட்டியார் வீடாத்தான் இருக்கணும்னு இல்ல. சமையக்காரர் வீட்டுப் பெட்டியில இருந்தாலும் சரி, நான் பஸ் பிடிச்சு வந்து பார்க்கிறேன்.